குளிருக்காக ஏங்கிய கலெக்டர்: ஊட்டியை உருவாக்கிய ஜான் சல்லிவன் யார்? கல்வராயன் ஏன் ஊட்டி ஆகவில்லை?

கார்த்திகை பிறந்துவிட்டால் கள்ளக்குறிச்சிக்காரர்களின் கண் மேற்கே திரும்பிவிடும். ஐப்பசி மழை ஓய்ந்து, கோமுகி அணையில் தண்ணீர் நின்று, கல்வராயன் மலையின் தலையில் மேகம் உட்கார ஆரம்பிக்கும் நேரம் அது. கச்சிராயபாளையம் வழியா பைக்கை எடுத்துக்கிட்டு வெள்ளிமலைக்குப் போய், ஒரு டீயைக் கையில் வைத்துக்கொண்டு பனிமூட்டத்தில் நின்றுவிட்டு வருவது இந்த வட்டாரத்தில் பலருக்கும் வருஷாவருஷம் நடக்கும் சடங்கு. பத்து மாதம் வெயிலில் காயும் ஊருக்கு அந்த இரண்டு மாதக் குளிர்தான் பண்டிகை.

ஊட்டிக்குப் போய்த் திரும்பும் ஒவ்வொரு குடும்பத்திலும் ஒருவராவது ஒரு கேள்வியைக் கேட்டிருப்பார். நம்ம கல்வராயனும் மலைதானே, இங்கேயும் குளிருதே, வெள்ளைக்காரன் ஏன் இங்கே ஊர் கட்டலை? ஏரி, பூங்கா, கல் பங்களா எல்லாம் ஏன் நீலகிரிக்கு மட்டும் போச்சு?

இதற்குப் பதில் தேடினால் ஒரு மனிதரின் வாழ்க்கைக்குள் போக வேண்டியிருக்கும். கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன். ஊட்டியை உருவாக்கியவர் என்று பாடப்புத்தகம் ஒரு வரியில் முடித்துவிடும் ஆள். அந்த ஒரு வரிக்குள் குளிருக்கான ஏக்கமும் இருக்கு, ஒரு நிலத் தகராறும் இருக்கு, இரண்டு கல்லறைகளும் இருக்கு.

தேம்ஸ் உறைந்த வருஷத்துக் குழந்தை

சல்லிவன் பிறந்தது 1788 ஜூன் 15, லண்டனில். அவர் ஆறு மாதக் குழந்தையாக இருந்தபோது வந்த குளிர்காலத்தில் தேம்ஸ் நதி உறைந்துபோனது. லண்டன்வாசிகளுக்கு அது துக்கம் இல்லை, திருவிழா. உறைந்த நதியின் மேலேயே கடை போட்டு, ஆட்டம் பாட்டம் என்று கொண்டாடினார்கள். உறைபனிச் சந்தை என்று அதற்குப் பெயரே உண்டு. நம்ம ஊரில் காவிரியில் புதுத் தண்ணி வந்தால் ஆடிப்பெருக்குக்குப் போவதில்லையா, கிட்டத்தட்ட அப்படி. ஒரே வித்தியாசம், ஆடிப்பெருக்கு வருஷாவருஷம் வரும், தேம்ஸ் எப்போது உறையும் என்று யாருக்கும் தெரியாது. அதனாலேயே அதற்கு அவ்வளவு எதிர்பார்ப்பு.

அந்த ஊர்ப் பையன் 15 வயதில், 1804-ல், கிழக்கிந்தியக் கம்பெனியில் ரைட்டர் வேலைக்குச் சேர்ந்து மெட்ராஸ் வந்தார். ரைட்டர் என்றால் எழுத்தாளர் என்று அர்த்தமில்லை, குமாஸ்தா. கம்பெனி உத்தியோகத்தின் கடைசிப்படி. அதிலிருந்து ஒவ்வொரு படியாக ஏறி 1815-ல் கோயம்புத்தூர் கலெக்டர் ஆனார்.

கவனிக்க வேண்டியது, இடையில் ஓடிய வருஷங்களை. தேம்ஸில் கடைசி உறைபனிச் சந்தை நடந்தது 1814 பிப்ரவரியில். அப்போது அவர் தமிழ்நாட்டில். அடுத்த வருஷம் இந்தோனேசியாவில் தம்போரா எரிமலை வெடித்து, 1816-ல் ஐரோப்பாவில் கோடையே வராமல் போனது. அப்போதும் அவர் கோயம்புத்தூரில். அங்கே குளிர் தாங்காமல் பயிர் கெட்டது, இங்கே இவருக்கு ஒரு குளிர்காலம் கூட வாய்க்கவில்லை.

இன்றைக்கு ஐஸ் என்றால் பெட்டிக்கடையில் கிடைக்கும். அன்றைக்கு மெட்ராஸ் மாகாணத்தில் பனிக்கட்டி என்பது எந்த விலைக்கும் கிடைக்காத பொருள். அமெரிக்காவின் உறைந்த குளங்களில் வெட்டிய பனிக்கட்டி கப்பலேறி கல்கத்தாவுக்கு வந்ததே 1833-ல்தான். மெட்ராஸ் கடற்கரையில் அதைச் சேமிக்க ஐஸ் ஹவுஸ் எழுந்தது 1842 வாக்கில். இப்போது விவேகானந்தர் இல்லம் என்று நாம் பார்க்கிற அதே கட்டடம். ஆக, சல்லிவன் மெட்ராஸில் கால் வைத்தபோது இந்த ஊரில் உறைந்த தண்ணீரைப் பார்க்க வழியே கிடையாது.

அது வெறும் சொகுசு விஷயமும் இல்லை. கம்பெனி உத்தியோகஸ்தர்களும் சிப்பாய்களும் காலரா, காய்ச்சல், வயிற்றுக்கடுப்பு என்று வந்து செத்துக்கொண்டிருந்த காலம். நோய் முற்றினால் கப்பலேற்றி நன்னம்பிக்கை முனைக்கோ இங்கிலாந்துக்கோ அனுப்புவார்கள். பாதிப் பேர் வழியிலேயே போய்விடுவார்கள் என்ற பயம் எல்லோருக்கும் உண்டு. குளிர்ந்த காற்று கிடைத்தால் பிழைப்போம் என்று நம்பினார்கள். அப்போதைய மருத்துவமும் அதைத்தான் சொன்னது.

1819 ஜனவரி: பாத்திரத்தில் கிடந்த பனிக்கட்டி

நீலகிரிக்கு முதலில் போன ஐரோப்பியர் சல்லிவன் இல்லை. 1603-லேயே கோழிக்கோட்டுப் பக்கத்திலிருந்து ஃபெனிசியோ என்ற பாதிரியார் ஏறிப்போய் தோடர்களைச் சந்தித்துவிட்டார். திப்பு சுல்தான் 1799-ல் வீழ்ந்த பிறகு மலை கம்பெனி கைக்கு வந்தது. 1812-ல் சர்வேயர் வில்லியம் கீஸ் ஒரு பகுதியை அளந்தார். 1818-ல் சல்லிவனின் உதவியாளர்கள் விஷ், கிண்டர்ஸ்லி இருவரும் ஏறினார்கள். புகையிலைக் கடத்தல்காரர்களைத் துரத்திக்கொண்டு போனார்கள் என்று ஒரு கதை உண்டு. கதையோ நிஜமோ, கீழே இறங்கியவர்கள் சொன்ன செய்தி ஒன்றுதான்: மேலே குளிருகிறது.

அதைக் கேட்ட கலெக்டர் சும்மா இருக்கவில்லை. 1819 ஜனவரி 2-ம் தேதி, சிப்பாய்களும் ஐரோப்பியர்களும் சேர்ந்த ஒரு கூட்டத்தோடு டணாயக்கன்கோட்டையிலிருந்து புறப்பட்டார். அந்தக் கோட்டை இப்போது இல்லை, பவானிசாகர் அணைக்குள் மூழ்கிவிட்டது. அடர்ந்த காடு, செங்குத்துப் பாறை, காட்டாறு. பாதை கிடையாது. ஆறு நாள் ஏறி, உயிர்ப்பலியும் கொடுத்து, கோத்தகிரிக்குப் பக்கத்தில் திம்பட்டி என்ற படுகர் கிராமத்தை அடைந்தார்கள்.

போன மாதத்தைப் பாருங்கள், ஜனவரி. நீலகிரியில் உறைபனி கொட்டும் உச்ச காலம். இரவில் வெப்பமானி உறைநிலைக்குக் கீழே இறங்கியது. காலையில் எழுந்து பார்த்தால் தண்ணீர் வைத்த பாத்திரத்தின் மேல் பனிக்கட்டிப் படலம். மெட்ராஸ் அரசிதழில் இந்தச் செய்தி வந்தபோது சமவெளியில் வேர்த்துக்கொண்டு படித்தவர்கள் எளிதில் நம்பவில்லை. மெட்ராஸ் மாகாணத்துக்குள் ஐஸா?

15 வயதில் குளிர்காலத்தை விட்டுவிட்டு வந்தவர், 30 வயதில் அதை மறுபடி கண்டுபிடித்தார். அதற்குப் பிறகு அவருடைய வாழ்க்கையே திசை மாறியது. கோயம்புத்தூரில் உட்கார்ந்து வரி வசூலித்துக்கொண்டிருந்த அதிகாரி, வருஷத்தில் எப்போது மலையேறலாம் என்று காத்திருக்கும் ஆளாக மாறினார்.

நம்ம மலையில் ஏன் உறைவதில்லை?

கல்வராயன் கேள்விக்கு முதல் பதில் இங்கேதான் இருக்கு. அது உயரக் கணக்கு.

ஆயிரம் மீட்டர் ஏறினால் சராசரியாக 6 டிகிரி செல்சியஸ் குறையும். கல்வராயன் மலை பெரும்பாலும் 2,000 அடியிலிருந்து 4,000 அடி வரைதான். ஊட்டி சுமார் 7,350 அடி. வெள்ளிமலைப் பக்கம் 3,000 அடியில் நிற்பவருக்கும் ஊட்டியில் நிற்பவருக்கும் ஏறக்குறைய 8 டிகிரி வித்தியாசம். மார்கழி இரவில் இங்கே போர்வை தேவைப்படும். அங்கே தண்ணீரே உறையும். அதுதான் வித்தியாசம்.

உறைபனிக்கு உயரம் மட்டும் போதாது என்பது இன்னொரு விஷயம். மேகம் இல்லாத இரவு வேண்டும், காற்று அசையாமல் நிற்க வேண்டும். பகலில் வாங்கிய வெப்பத்தைத் தரை வானத்துக்கு விட்டுவிடும். குளிர்ந்த காற்று கனமானது என்பதால் சரிவில் வழுக்கி இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். அதனால்தான் ஊட்டியில் மேட்டை விடப் பள்ளத்தாக்கிலும் புல்வெளியிலும் உறைபனி அதிகம். தலைகுந்தா, காந்தல், அவலாஞ்சி என்று ஒவ்வொரு டிசம்பரிலும் செய்தியில் வரும் பெயர்கள் எல்லாம் இந்த வகை இடங்கள். மழை மேகம் நிற்கும் நாளில் உறைபனி விழாது. கல்வராயன் மலையில் நாம் ஆசையாகப் பார்க்கும் பனிமூட்டமும், ஊட்டியின் உறைபனியும் வேறு வேறு சங்கதி. ஒன்று ஈரம், இன்னொன்று வறண்ட தெளிந்த வானத்தின் வேலை.

சல்லிவன் பார்த்து வியந்த புல்வெளிக்கும் இந்த உறைபனிக்கும் கூட உறவு உண்டு. மேலே மலைமடிப்புகளில் சோலைக்காடு, சுற்றிலும் மரமே இல்லாத புல்வெளி. சோலை மரத்தின் நாற்று வெட்டவெளியில் முளைத்தால் உறைபனி அதைக் கருக்கிவிடும் என்பது இதற்குச் சொல்லப்படும் முக்கியக் காரணங்களில் ஒன்று. அந்தப் புல்லை நம்பி எருமை வளர்த்தவர்கள் தோடர்கள். வெள்ளைக்காரர் வருவதற்கு முன்பே அந்தக் குளிரோடு குடித்தனம் நடத்தத் தெரிந்தவர்கள். தடித்த பூத்துக்குளிச் சால்வை, குனிந்து தவழ்ந்தால் மட்டும் நுழையக்கூடிய சின்ன வாசல் வைத்த வளைகூரை வீடு. குளிருக்குப் பயந்து ஓடாமல், அதை வாசலிலேயே நிறுத்திவைத்த கட்டடக்கலை.

இரண்டாவது பதில் காய்ச்சல். கல்வராயன், ஜவ்வாது, கொல்லிமலை எல்லாம் அந்தக் காலத்தில் காய்ச்சல் மலைகள் என்று பெயர் வாங்கியவை. கெட்ட காற்றால் மலேரியா வருகிறது என்று நினைத்தார்கள். கொசுதான் காரணம் என்பது 1897-ல் ரொனால்ட் ரோஸ் செகந்திராபாத்தில் கண்டுபிடித்த பிறகுதான் தெரிந்தது. ஊட்டி உயரத்தில் அந்தக் கொசு பெருகுவது கஷ்டம். ஆனா ஊட்டியிலிருந்து கீழே இறங்கினால் கதை வேறு. அதே வருஷம் சீகூர் மலைச்சாலைப் பக்கம் ஆராயப்போன ரோஸுக்கே மலேரியா வந்தது. நடுத்தர உயர மலைகளில் குளிரும் குறைவு, காய்ச்சலும் உண்டு என்றால் எந்தக் கலெக்டர் பங்களா கட்டுவார்?

கல் பங்களா, ஏரி, உருளைக்கிழங்கு

சல்லிவனின் அடுத்த பத்து வருஷம் ஓட்டம்தான். 1819-லேயே நோயோடு வந்த பிரெஞ்சு இயற்கை ஆய்வாளர் லெஷெனோவை மலைக்குக் கூட்டிப்போனார், அவர் உடம்பு தேறியது. இதைவிட நல்ல விளம்பரம் வேண்டுமா? மருத்துவர்கள் கருத்துச் சொன்னார்கள், மெட்ராஸ் அரசு இறங்கிவந்தது. சிறுமுகையிலிருந்து கோத்தகிரிப் பக்கம் பாதை வெட்டும் வேலை தொடங்கி 1823-ல் முடிந்தது. லெப்டினன்ட் மெக்பெர்சன் மேற்பார்வை. மண்ணைச் சுமந்து பாறையை உடைத்தவர்களில் சிறைக் கைதிகளும் இருந்தார்கள். அவர்கள் பெயர் எதுவும் எந்தப் பலகையிலும் இல்லை.

1820-ல் ஹென்ரியட்டா செசிலியாவை மணந்தார். நீலகிரி ஏறிய முதல் ஐரோப்பியப் பெண் என்று குறிப்பிடப்படுபவர் இவர்தான். திம்பட்டிக்குப் பக்கத்தில் கன்னேரிமுக்கில் முதல் பங்களா. பிறகு இன்னும் உயரத்தில், தோடர் மந்து இருந்த ஒரு அகன்ற பள்ளத்தாக்கு கண்ணில் பட்டது. 1821 மார்ச்சில் மெட்ராஸ் அரசிதழில் வந்த கடிதத்தில் அந்த இடத்தின் பெயர் வோட்டோகிமண்ட் என்று அச்சாகியிருந்தது. வெள்ளைக்காரர் வாயில் நுழைந்த ஒத்தக்கல்மந்து அப்படித்தான் வெளியே வந்தது.

அங்கே 1822-ல் கல்லால் வீடு கட்டத் தொடங்கினார். மூங்கிலும் மண்ணும் புல்லுமாக வீடு பார்த்துப் பழகிய மலைமக்கள் அதைக் கல் பங்களா என்றார்கள். அதுவே ஆங்கிலத்தில் ஸ்டோன் ஹவுஸ். இப்போது அரசு கலைக் கல்லூரி வளாகத்துக்குள் நிற்கிறது.

தோட்டத்துக்கு ஜான்ஸ்டன் என்ற இங்கிலாந்துத் தோட்டக்காரர். ஆப்பிள், பீச், ஸ்ட்ராபெரி, உருளைக்கிழங்கு, ஓக் மரம். ஒரு மனிதர் தன் சின்ன வயது ஊரை விதைவிதையாகக் கொண்டுவந்து ஊன்றினார் என்றுதான் சொல்ல வேண்டும். இன்றைக்குச் சென்னை கோயம்பேட்டில் ஊட்டி கிழங்கு என்று கூவி விற்கும் சரக்குக்கு வேர் இங்கே இருக்கு. குளிரை ஆசைப்பட்டுக் கூப்பிட்டால் அதன் கெடுதலும் கூடவே வரும் என்பதையும் அந்தத் தோட்டங்கள்தான் காட்டின. ஒரே இரவில் உறைபனி விழுந்தால் கிழங்குச்செடி கருகிவிடும். இன்றும் ஜனவரியில் தேயிலைச் செடிகளைப் புல்லையும் ஓலையையும் போட்டு மூடிவைக்கும் விவசாயியிடம் போய்க் குளிர்காலத்தை ரசிக்கிறீர்களா என்று கேட்டால் என்ன பதில் வருமோ!

1823-லிருந்து 1825 வரை ஓடைகளை மறித்து ஏரி. பாசனத்துக்கும் உதவும் என்பது அவர் கணக்கு. அன்றைய ஏரி இன்றைய ஏரியை விடப் பெரிசு. நீங்கள் இறங்கும் பேருந்து நிலையமும், பக்கத்தில் இருந்த குதிரைப் பந்தய மைதானமும் அந்த ஏரி இருந்த இடம்தான்.

1826 செப்டம்பரில் ஆளுநர் தாமஸ் மன்றோவே ஊட்டிக்கு வந்து ஸ்டோன் ஹவுஸில் தங்கினார். வாழ்நாள் முழுக்கத் தென்னிந்திய வெயிலில் வேலை பார்த்த மனிதர், அங்கே கனத்த கோட்டைப் போட்டுக்கொண்டு நடுங்கினார். மறுவருஷம் ஜூலையில் கடப்பை–கர்நூல் பக்கம் சுற்றுப்பயணத்தில், பத்திகொண்டாவில் காலராவில் இறந்துபோனார். எந்த நோய்க்கு மாற்றாக சல்லிவன் மலையைக் காட்டினாரோ, அதே நோய்.

குளிர் யாருடையது?

இதுவரைக்கும் சொன்னது ஊட்டி வழிகாட்டிப் புத்தகத்திலும் கிடைக்கும். அதிகம் பேசப்படாத பகுதி இனிமேல்தான்.

ஊர் வளர வளர நிலத்துக்கு மவுசு வந்தது. சல்லிவன் தோடர்களிடமிருந்து ஏக்கருக்கு ஒரு ரூபாய் கொடுத்து நிலம் வாங்கினார் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. 1829 வாக்கில் ஊட்டியில் மற்ற எல்லா ஐரோப்பியரிடமும் இருந்த நிலத்தைக் கூட்டினாலும், அவரிடம் இருந்தது அதைப்போல ஐந்து மடங்கு. இதை மறைத்துவிட்டு அவரைப் புனிதராகக் காட்ட முடியாது.

ஆனா அதே சல்லிவன்தான் அரசிடம் மல்லுக்கு நின்றார். இந்த மலை தோடர்களுக்குச் சொந்தம், அவர்கள் வெறும் மேய்ச்சல்காரர்கள் இல்லை, நிலத்தின் முழு உரிமையாளர்கள், அவர்களிடம் கேட்காமல், விலை கொடுக்காமல் ஒரு ஏக்கரையும் எடுக்கக் கூடாது என்பது அவர் வாதம். மன்றோவுக்குப் பிறகு 1827-ல் ஆளுநராக வந்த லஷிங்டன் இதை ஏற்கவில்லை. தோடர்களுக்கு இருப்பது மேய்ச்சல் உரிமை மட்டும், நிலம் அரசுடையது என்பது அவர் நிலை.

லஷிங்டனுக்கும் ஊட்டி மேல் ஆசைதான். வேறு மாதிரியான ஆசை. நோய்ப்பட்ட சிப்பாய்களுக்கான ராணுவ நிலையமாக அதை மாற்ற நினைத்தார். 1828-ல் மேஜர் கெல்சோ தலைமையில் ராணுவ நிர்வாகம் வந்தது. கலெக்டருக்கும் கமாண்டன்ட்டுக்கும் ஒத்துப்போகவில்லை. கலெக்டர் சமவெளியில் வேலையைப் பார்க்காமல் மலையிலேயே கிடக்கிறார், நிலத்தையும் வளைத்துப் போட்டிருக்கிறார் என்ற குற்றச்சாட்டுகள் எழுந்தன. முதல் குற்றச்சாட்டு முழுப்பொய் என்று சொல்ல முடியாது. 1830-ல் நீலகிரியின் மேற்குப் பகுதி மலபார் மாவட்டத்தோடு சேர்க்கப்பட்டது. சல்லிவனின் கலெக்டர் வேலையும் அதே வருஷம் முடிந்தது. அவர் கட்டிய ஊர் அவர் கையை விட்டுப் போனது.

கள்ளக்குறிச்சி வாசகருக்கு இந்த இடத்தில் ஒன்று நெருடலாம். கல்வராயனுக்கு வெள்ளைக்காரர் குளிர் தேடி வரவில்லை. அதனால் இங்கே மலையாளிப் பழங்குடியினரின் நிலம் அவர்களிடமே பத்திரமாக இருந்ததா? இல்லை. இந்த மலை சடையக் கவுண்டர், குரும்பக் கவுண்டர், அரியக் கவுண்டர் என்று ஜாகீர்தார்களின் ஆளுகையில் இருந்தது. உழுபவர்கள் வரி கட்டினார்கள், ஜாகீர்களுக்கு வேலை செய்தார்கள். நாடு சுதந்திரம் அடைந்து பல வருஷம் கழித்து, 1976-ல்தான் அந்த ஜாகீர்களை அரசு எடுத்துக்கொண்டது. நிலப் பட்டாவும், வன உரிமையும், சாலையும் அதற்குப் பிறகும் தீராத பேச்சு. 2024-ல் சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து கல்வராயன் மலை மக்களின் வாழ்க்கை நிலை குறித்து வழக்கை எடுத்து விசாரிக்கும் அளவுக்கு அது நீண்டது. ஆக, ஊட்டி ஆகாமல் போனது இந்த மலைக்கு லாபமா நஷ்டமா என்ற கேள்விக்கு ஒற்றை வரியில் பதில் சொல்ல முடியாது.

மறுபடியும் மலை, இரண்டு கல்லறை

வேலை போனாலும் மலை ஆசை விடவில்லை. 1830-களின் நடுவில் சல்லிவன் மெட்ராஸ் வருவாய் வாரியத்தில் மூத்த பொறுப்புக்கு வந்தார், பிறகு ஆளுநரின் ஆலோசனைக் குழுவிலும் இடம்பெற்றார். வேலை மெட்ராஸில், மனசு ஊட்டியில். குடும்பத்தோடு மறுபடி மேலே வந்தார்.

எந்தக் காற்று உயிரைக் காப்பாற்றும் என்று இருபது வருஷமாக எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருந்தாரோ, அந்தக் காற்றிலேயே அவர் வீடு உடைந்தது. 1838-ல் மனைவி ஹென்ரியட்டா இறந்தார். மகள் ஹாரியட்டும் போய்விட்டார். இருவரையும் ஊட்டி புனித ஸ்டீபன் தேவாலயத்தில் அடக்கம் செய்தார்கள். 1829-ல் லஷிங்டன் காலத்தில் அடிக்கல் நாட்டி, 1831-ல் திறந்த தேவாலயம் அது. ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்புவின் அரண்மனையிலிருந்து பிரித்துக் கொண்டுவந்த தேக்கு உத்தரங்கள் அதற்குள் இருக்கின்றன. தன்னை ஊரை விட்டு அகற்றிய ஆளுநர் கட்டிய கோயிலில்தான் சல்லிவன் தன் மனைவியையும் மகளையும் விட்டுவிட்டு வர வேண்டியிருந்தது.

1841-ல் ஓய்வு பெற்றுக் கப்பலேறினார். இந்தியாவில் 37 வருஷம்.

இங்கிலாந்து போனவர் பென்ஷன் வாங்கிக்கொண்டு அடுப்பங்கரையில் குளிர்காயவில்லை. கம்பெனியின் பங்குதாரர் கூட்டங்களில் எழுந்து சதாரா ராஜாவுக்காக வாதாடினார். ராஜ்யங்களைக் கம்பெனி விழுங்குவதை எதிர்த்து 1853-ல் புத்தகம் எழுதினார், இந்தியச் சீர்திருத்தச் சங்கத்தில் சேர்ந்தார். கம்பெனி ஆட்சி கங்கைக் கரையில் நல்லதையெல்லாம் ஸ்பாஞ்ச் போல உறிஞ்சி தேம்ஸ் கரையில் பிழிகிறது என்ற பொருளில் அவர் சொன்னதைப் பின்னாளில் தேசிய இயக்கத்தார் பலரும் எடுத்துப் பேசினார்கள். சொன்னவர் ஊட்டி சல்லிவன் என்பது நிறையப் பேருக்குத் தெரியாது.

1855 ஜனவரி 16-ல் இறந்தார். லண்டனுக்கு மேற்கே, ஸ்லவ் பகுதியில் அப்டன் புனித லாரன்ஸ் தேவாலயத்தில் அடக்கம். திம்பட்டியில் பனிக்கட்டியைப் பார்த்து சரியாக 36 வருஷம். அதே ஜனவரி. இங்கிலாந்தின் குளிர்காலத்தில்தான் முடிந்தது அந்த வாழ்க்கை. அந்தக் கல்லறை எங்கே இருக்கிறது என்பது ஊட்டிக்காரர்களுக்கு ரொம்ப காலம் தெரியாமலே இருந்தது.

இப்போது போனால் என்ன பார்க்கலாம்?

கோத்தகிரி அருகே கன்னேரிமுக்கில் சல்லிவனின் பழைய பங்களா ரொம்ப வருஷம் பாழடைந்து கிடந்து, பிறகு சீரமைக்கப்பட்டு நீலகிரி ஆவணக் காப்பகமாகவும் அருங்காட்சியகமாகவும் இருக்கிறது. ஊட்டி கலைக் கல்லூரிக்குள் ஸ்டோன் ஹவுஸை வெளியிலிருந்து பார்க்கலாம். ஊட்டியின் 200-வது ஆண்டையொட்டி 2022-ல் சல்லிவனுக்கு அங்கே சிலையும் வைக்கப்பட்டது.

உறைபனி பார்க்க வேண்டுமென்றால் டிசம்பர் கடைசியிலிருந்து ஜனவரி வரை சரியான நேரம். முந்தின நாள் வானம் தெளிவாக இருந்ததா என்று கேட்டுக்கொண்டு, சூரியன் ஏறுவதற்குள் போய்விட வேண்டும். எட்டு மணிக்கெல்லாம் வெயில் பட்டுப் பாதி கரைந்துவிடும். படுகர் கிராமங்களில் ஹெத்தையம்மன் பண்டிகையும் இந்தக் குளிர்மாதத்தில்தான் வரும். வெள்ளை உடுத்திக் கூட்டம்கூட்டமாக நடந்துபோகிறவர்களை வழியெங்கும் பார்க்கலாம்.

புனித ஸ்டீபன் தேவாலயத்துக்கும் அதே காலையில் போய் வரலாம். தாயும் மகளும் அங்கேதான் இருக்கிறார்கள். சுற்றியுள்ள புல்லின் மேல் அந்நேரத்துக்கு இன்னும் வெள்ளை கிடக்கும்.